‘கற்றால்’ என்ற ஒரு சொல்: புறநானூறு 183உம் பல்கலைக்கழக வாசலும்

‘உயர்கல்விக்கூடங்களில் அனைவருக்கும் சம இடம்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். முன்னுரையில் பல்லின நாடு வரும். இரண்டாம் பத்தியில் ஒற்றுமை வரும். மூன்றாம் பத்தியில் பாண்டியன் நெடுஞ்செழியன் வந்துவிடுவார். ‘கீழ்க்குலத்தவன் படித்தால் மேல்குலத்தவனும் அவனைப் பணிவான் என்று அன்றே பாடினான் தமிழன்’ என்று ஒரு வாக்கியம் எழுதியதும் நேரே முடிவுரைதான். நானும் பல வருடம் அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனவன்தான்.

போன தவணையில் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. “சார், பொருள் குடுத்துப் படிக்கணும்னு அவரு முதல்லயே சொல்லிடுறாரே. குடுக்க இல்லாதவங்க என்ன செய்வாங்க?”

வகுப்பில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் கடைசி அடிகளை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு, முதல் அடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோமே என்றுதான் தோன்றியது.

பாட்டு என்ன சொல்கிறது?

பத்தே அடிகள். பாடியவர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஓர் அரசர். திணை பொதுவியல், துறை பொருண்மொழிக்காஞ்சி. முதல் இரண்டு அடிகள் மாணவனுக்குச் சொல்லும் அறிவுரை: ஆசிரியருக்குத் துன்பம் வந்தால் உதவு, வேண்டிய பொருளைக் கொடு, பணிந்து பின்னால் நிற்பதை வெறுக்காமல் படி. அதன் பிறகு மூன்று சான்றுகள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் படித்தவன் பக்கம் தாயின் மனமே சாயும். ஒரே குடும்பத்தில் மூத்தவன் இருந்தாலும் அறிவுள்ளவன் சொல்லும் வழியில் அரசு நடக்கும். நான்கு பிரிவாகப் பிரிந்த சமூகத்தில் கீழே வைக்கப்பட்டவன் கற்றால், மேலே இருப்பவனும் அவனிடம் போய்ச் சேருவான்.

வீடு, அரசு, சமூகம் என்று சான்று படிப்படியாக விரிவதைக் கவனியுங்கள். பிறப்பால் முடி சூடிய ஒருவர், பிறப்பைவிடக் கல்வி பெரியது என்று சொல்வது சாதாரண விஷயம் அல்ல. அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

பாட்டின் வலு முழுவதும் ‘கற்றால்’ என்ற நிபந்தனையில் நிற்கிறது. கற்றால் மதிப்பு, சரி. ஆனால் கற்க முடிந்ததா என்பதைப் பாட்டு கேட்பதில்லை. கீழ், மேல் என்ற அடுக்கும் அப்படியே இருக்கிறது. அதில் ஏறி வந்த ஒருவனுக்கு மட்டும் வணக்கம் கிடைக்கிறது. இது திறமைக்குத் தரும் மதிப்பு. சம இடம் என்பது இதையும் தாண்டியது.

மூன்று சொல், மூன்று கேள்வி

இன்று பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கம் என்று மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கின்றன. மாணவர்கள் மூன்றையும் ‘ஒற்றுமை’ என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். மூன்றும் மூன்று கேள்விகள். உள்ளே யார் யார் இருக்கிறார்கள்? உள்ளே வர ஒவ்வொருவருக்கும் என்ன தேவைப்பட்டது, அது கிடைத்ததா? வந்தவர்கள் வாய் திறந்து பேச முடிகிறதா?

நெடுஞ்செழியன் பாட்டு முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்கிறது. மற்ற இரண்டுக்கும் அதில் பதில் இல்லை.

நம் நாட்டு நிலவரத்தைப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90க்கு 10 என்ற இன ஒதுக்கீடு பல ஆண்டு விவாதம். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். பல வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு, நானும் மகிழ்ந்தேன். யோசித்துப் பார்த்தால், இது நெடுஞ்செழியனின் கடைசி மூன்று அடிகள் கொள்கையாக மாறியது போலத்தான். கற்றுக் காட்டியவனுக்குக் கதவு திறக்கிறது.

இரவில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, டியூஷன் இல்லாமல், 7ஏ எடுத்த பிள்ளை? அந்த ஏழு ஏ-வுக்குப் பின்னால் உள்ள உழைப்பு பத்து ஏ-வுக்குக் குறைந்ததா? மதிப்பெண்ணுக்கு மதிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவது சமத்துவம். கோட்டுக்கு வந்து சேரப் பஸ் காசு இருந்ததா என்று கேட்பது சமநீதி. கட்டுரையில் இந்த வேறுபாட்டை எழுதுகிற மாணவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாணவியின் கேள்விக்கு ஒரு பழைய பதில்

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1956இல் அதில் இந்திய இயல் துறை அமைந்தது. அந்தத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். குரலோடு விடவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி, துறையின் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் சேரப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்.

இங்கே பாட்டு தலைகீழாகிறது. புறநானூற்றில் படிக்கிறவன் பொருள் கொடுக்கிறான். இங்கே, தாங்கள் படிக்கப் போகாத பல்கலைக்கழகத்துக்கு, யாரோ வீட்டுப் பிள்ளைகள் படிக்கச் சாதாரண மக்கள் பொருள் கொடுத்தார்கள். தமிழ் மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பது பன்முகத்தன்மை. அவர் படிக்க அலமாரியில் புத்தகம் இருப்பது சமநீதி. இன்றைய உபகாரச் சம்பளம், சக்கர நாற்காலிக்கான சாய்தளம், பார்வையற்றவருக்குப் பாட நூலை வாசித்துக் காட்டும் மென்பொருள் எல்லாம் அந்தப் புத்தக அலமாரியின் உறவினர்கள்தான்.

பின்னால் நிற்பது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பணிந்து நின்று படி என்கிறது பாட்டு. அந்தப் பணிவு மாணவன் தானாக விரும்பி எடுப்பது. அதை மற்றவர் அவன் தலையில் ஏற்றினால் அது வேறு.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகம் போனவன். முதல் வருடம் டியூட்டோரியல் வகுப்பு முழுக்க ஆங்கிலம். விடை தெரியும், தமிழிலும் மலாயிலும் தெரியும். வாய் மட்டும் வராது. தவணை முடிவில் என் பெயருக்கு எதிரே ‘பங்கேற்பு இல்லை’ என்று இருந்தது. நான் பங்கேற்கவில்லையா, பங்கேற்க வழி இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு விரிவுரையாளர், “முதல்ல எந்த மொழியில வேணும்னாலும் எழுதிக்குங்க, அப்புறம் பேசலாம்” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேசினேன். உள்ளடக்கம் என்பது சில நேரம் இவ்வளவு சின்ன விஷயம்.

இன்னொன்று. பாட்டில் கற்பவர் எல்லாரும் ஆண்கள். பெண் ஒருத்தி வருகிறாள், தாயாக. அவள் மனம் மாறுவதற்காகவே வருகிறாள். ஆனால் அதே புறநானூற்றில் ஔவையாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பாடியிருக்கிறார்கள். இன்று நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம். பாட்டு பார்க்காததைத் தொகுப்பும் காலமும் பார்த்திருக்கின்றன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

இந்தப் பாட்டை மேற்கோள் காட்டாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. காட்டுங்கள், அதோடு நிற்காதீர்கள். ‘பிறப்பைவிடக் கல்வியை உயர்த்திய பாடல் இது. எனினும், கற்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கிறதா என்ற கேள்வியை நாம்தான் சேர்க்க வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு, நீங்கள் கண்ட ஓர் உதாரணத்தைச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்தவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

ஆசிரியர்களுக்கு: பாடலைக் கொடுத்ததும் பொழிப்புரையை எழுதிப் போடாதீர்கள். “இந்தப் பாட்டில் யார் இல்லை?” என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். வராத பதில்களும் வரும்.

அந்த மாணவிக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. “நல்ல கேள்விம்மா” என்றுதான் சொன்னேன். இந்தக் கட்டுரைதான் என் பதில். குடுக்க இல்லாதவங்களுக்கு, குடுக்க முடிஞ்சவங்க குடுக்கணும்மா. நெடுஞ்செழியன் எழுதாமல் விட்ட அடி அதுதான்.