மெல்லோட்ரான் எம்400: கட்டைக்கு ஒரு நாடா

மெல்லோட்ரான் என்ற நாடாக் கீபோர்டை வாசிக்கும் முன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட வேண்டும். அதன் ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

1970இல் வந்த எம்400 மாடலில் 35 கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியே ஒரு காந்த நாடா, அதைப் படிக்கத் தனித்தனியே ஒரு ஹெட். கட்டையை அழுத்தியதும் ஒரு ரப்பர் உருளை, ஓயாமல் சுழலும் நீண்ட உலோகத் தண்டின்மீது நாடாவை அழுத்துகிறது. மெத்தென்ற ஒரு திண்டு அதை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கிறது. நாடா ஓடுகிறது, ஒலி வருகிறது. ஏறக்குறைய 8 விநாடியில் நாடா தீர்ந்துவிடும்; விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் தொடக்கத்துக்கே இழுத்துக்கொள்ளும்.

நாடாவில் இருப்பது மனிதர்கள் வாசித்த ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகப் பதிவானது. அதனால் ஒரு கட்டையில் புல்லாங்குழலின் மூச்சு சற்று முந்தி வரும், அடுத்ததில் அதிர்வு கொஞ்சம் கூடும். வயலின் தடத்தில் கார்வை கொடுத்துக் கேட்டேன். வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் கேட்கிறது. நாடா வட்டமாகச் சுற்றாமல் ஒரு முனையிலிருந்து தொடங்குவதால் கிடைக்கும் பலன் இது. ஒரு நாடாவில் மூன்று தடங்கள் உண்டு. தேர்வுக் குமிழை இரண்டு தடங்களுக்கு நடுவே நிறுத்தினால் வயலினும் புல்லாங்குழலும் கலந்து வருகின்றன.

என்னை மிகவும் ஈர்த்தது விரலின் பங்கு. மெதுவாக அழுத்தினால் நாடா ஹெட்டில் சரியாகப் படியாமல் ஒலி மங்கி நடுங்குகிறது. அழுத்தம் கூடக்கூடத் தெளிகிறது. பல கட்டைகளை ஒன்றாகப் பிடித்தால் மோட்டாருக்குச் சுமை ஏறி, சுருதி லேசாகத் தொய்கிறது. வேகமான உருப்படிகளுக்கு இது ஒத்துவராது. நிதானமாக நகரும் ஸ்வரக் கூட்டுகளில், கூட்டமாகப் பாடுகிறவர்களின் இயல்பான சிறு விலகல்போல மனதைத் தொடுகிறது.

இந்தக் கருவியின் மூல யோசனை கலிஃபோர்னியாவின் ஹாரி சேம்பர்லினுடையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிராட்லி சகோதரர்கள் அதை 1963இல் மெல்லோட்ரானாகக் கொண்டுவந்தார்கள். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல், எம்400க்கு முந்தைய மார்க் 2 மாடலின் ஒலி.

குறைகளும் உண்டு. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. நாடா தேயும், சிக்கும். கட்டைக்குக் கட்டை திருகாணியைச் சரிசெய்தபடி இருக்க வேண்டும். மேடைக்கும் பயணத்துக்கும் மெல்லோட்ரானின் டிஜிட்டல் வடிவமான எம்4000டி போதும். பதிவான ஒலி அதில் அப்படியே கிடைக்கிறது. விரலுக்கும் நாடாவுக்கும் இடையிலான அந்த உறவு மட்டும் அதில் இல்லை. எனவே ஒலிப்பதிவுக்குப் போகும் இடத்தில் நல்ல நிலையிலுள்ள எம்400 இருந்தால் அதையே கேளுங்கள். முதலில் 35 கட்டைகளையும் ஒவ்வொன்றாக முழு 8 விநாடியும் அழுத்திக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு மெட்டமையுங்கள்.