களத்தில் தோழன், ஊரில் யார்?

போர் என்றதும் பரணி பாடுவது நம் பழைய வழக்கம். யானையை வீழ்த்தியவனுக்குப் பாட்டு. ஆணையிட்ட அரசனுக்கு மெய்க்கீர்த்தி. குருதி சிந்திக் கிடந்தவனைத் தோளில் சுமந்த தோழனுக்கோ ஏட்டில் இடம் அரிது. அந்தத் தோழனைத் தேடுவோர் கையில் நாம் தர விரும்பும் நூல், ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. 1959-இல் வெளிவந்த இப்புதினத்தைப் போடிநாயக்கனூர் இளைஞர்கள் சிறப்பாகப் படித்தல் வேண்டும் என்போம். ஏன்?

குண்டு விழாத ஊர் போடி. எனினும் போர் அவ்வூரை விட்டுவைத்ததா? ஏலக்காய் விளையும் மலையின் அடிவாரத்திற்கு மதுரையிலிருந்து 1928-இல் வந்த இருப்புப்பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஐம்பதுகளில்தான் மீண்டும் ரயில் வந்தது. அதே 1942-இல் ஜப்பானியர் தொடங்கிய சயாம் - பர்மா இருப்புப்பாதையில், மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். இங்கே தண்டவாளம் பறிபோயிற்று. அங்கே தண்டவாளம் இடப்போனவன் உயிரே பறிபோயிற்று. தோட்டத்துக் கூலியின் வியர்வை எங்கும் ஒன்றே. போர் அவன்மீது ஏற்றும் சுமையும் ஒன்றே.

அந்த மலேயாவில்தான் கதை நிகழ்கிறது. வட்டிக்கடைப் பையனாய் இருந்த செல்லையா, நேதாஜியின் படையில் சேர்கிறான். ஆங்கிலேயன் நடத்திய படையில் சாதிக்கும் மதத்திற்கும் ஏற்பத் தனித்தனிச் சமையல் நடந்தது. இந்திய தேசிய இராணுவத்திலோ ஒரே பந்தி. சாவு எதிரே நிற்கையில் பக்கத்தில் இருப்பவன் என்ன குலம் என்று எவன் கேட்பான்? அங்கே வளர்கிறது நட்பு.

போர் முடிகிறது. செல்லையா மீள்கிறான். பினாங்கு வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை, தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு பிடிக்காது என்பது அவர் கணக்கு. களத்துத் தோழன் மாணிக்கமோ அப்போதும் உடன் நிற்கிறான். இதுவே நூலின் உயிர்நிலை: நட்பைச் சோதிப்பது பகைவன் குண்டு மட்டுமன்று, போருக்குப் பின் வரும் வாழ்வும் சோதிக்கிறது.

குறையும் கூறுவோம். மரகதத்தின் மனம் நமக்குத் தெரிகிறது. அதற்கு மதிப்பளிப்பார் கதையில் இல்லை. தந்தையின் சொல்லே சட்டமாகிறது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் படைதிரட்டிய இளைஞர்கள், ஒரு வீட்டின் ஆதிக்கத்தின் முன் அடங்கிப் போகின்றனர். நண்பனின் ஆறுதல் பெரிது. அநீதியை எதிர்க்கும் துணிவு அதனினும் பெரிது. ஆசிரியர் நடந்ததை நேர்மையாகக் காட்டினார். நடக்க வேண்டியதை நம்மிடம் விட்டார்.

தோழர்களே! விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருங்கி அமர்ந்து மலையேறுகின்றனர் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். சரிவில் ஒருவர் கால் இடறினால் மற்றவர் கைகொடுக்கிறார். அந்தக் கை எந்தச் சாதியின் கை என்று பார்ப்பதில்லை. மாலையில் இறங்கி ஊருக்குள் வந்ததும் தெருக்கள் ஏன் பிரிய வேண்டும்? மலையில் தோழன், ஊரில் அயலான் என்றால் அது நட்பாகுமா?

போர்க்களம்தான் மனிதரை ஒன்றாக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பந்தியை ஊரிலேயே விரிப்போம்!