குவிமாடத்தின் கீழ் ஒரு கச்சேரி

கோள்மண்டலத்தின் குவிமாடத்துக்குக் கீழே இசைக்கச்சேரியும் விஞ்ஞான உரையும் ஒரே மாலையில் நிகழும் வழக்கம் மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுசெல்லும் நன்முயற்சி இது என்பர் ஒரு சாரார். கேளிக்கைக்காக விஞ்ஞானத்தை விலைபேசுவது என்பர் மற்றொரு சாரார். இருளில் அமர்ந்திருக்கும் இரசிகனுக்கு அவ்விசை எதனைப் புலப்படுத்துகிறது என்ற கேள்வியை இரு சாராருமே எழுப்புவதில்லை.

யேனா நகரின் சைஸ் தொழிற்சாலையில் உருவான கருவி, 1923 இல் மூனிச் நகரில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டபோது, ஏறத்தாழ 4,500 விண்மீன்கள் வெண்சுவரில் ஒளிர்ந்தன. மாதக்கணக்கில் நிகழும் கோள்களின் நகர்ச்சியைச் சில நிமிடங்களில் காட்டிய அக்கருவி அடிப்படையில் ஒரு போதனைக் கருவியே. அருகில் நின்று சுட்டிக்காட்டி விளக்கும் மனிதனின்றி அது முழுமை பெறுவதில்லை.

1957 இல் சான்பிரான்சிஸ்கோவின் மொரிசன் கோள்மண்டலத்தில் ஹென்றி ஜேக்கப்ஸ், ஜோர்டன் பெல்சன் ஆகிய இருவரும் ‘வோர்ட்டெக்ஸ்’ என்னும் நிகழ்ச்சிகளைத் தொடங்கினர். ஒலிபெருக்கிகள் சூழ்ந்து நிற்க, மின்னணு இசை மண்டபத்தைச் சுற்றிச் சுழன்றது; அதற்கேற்ப ஒளிக்கோலங்கள் விரிந்தன. பெல்சன் தேர்ந்த கலைஞர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அங்கே விண்மீன்கள் பின்திரையாகிவிட்டன. 1973 இல் லொஸ் ஏஞ்சல்ஸின் கிரிபித் வானாய்வகத்தில் தொடங்கிய ‘லேசேரியம்’ இதே பாதையில் மேலும் சென்றது. ஒளியை நேரில் இயக்கக் கலைஞர் ஒருவர் இருந்தார்; இசையோ பதிவுநாடாவிலிருந்து வந்தது; வானியல் வாசலோடு நின்றுவிட்டது. 2002 இல் புதுப்பிப்பு வேலைக்காக அவ்வானாய்வகம் மூடப்படும்வரை இந்நிலை நீடித்தது. 2006 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, கோள்மண்டலக் காட்சிக்கு உயிருள்ள உரையாளரையே அவர்கள் நிறுத்தினர். போற்றத்தக்க முடிவு. பதிவுக் குரலிடம் எவரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

சான்பிரான்சிஸ்கோவில் 2009 முதல் நடைபெற்றுவரும் வியாழன் இரவு நிகழ்ச்சிகளில் இசையுண்டு, மதுவுண்டு, விஞ்ஞானிகளின் உரையுமுண்டு. பாடசாலையோடு விஞ்ஞானத்தை மறந்துவிட்ட ஒருவர் ஆய்வாளர் ஒருவரை நேரில் சந்திக்க அங்கு வழியுண்டு என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் 21 வயது நிரம்பாதோருக்கு அனுமதியில்லை. விண்ணை முதன்முதலாக அண்ணாந்து பார்க்க வேண்டிய பிள்ளை வீட்டிலிருக்கிறது!

விஞ்ஞானத்துக்கு இசை ஒரு மேற்பூச்சு மட்டுமே என்று எண்ணுவோர் கெப்ளரை மறந்தவராவர். 1619 இல், தாயார் சூனியக்காரியென்று குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கில் சிக்கியிருந்த காலத்தில், அவர் ‘உலகின் ஒத்திசைவு’ என்னும் நூலை வெளியிட்டார். கோளொன்று சூரியனுக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் தணிந்தும் செல்வதை அவர் சுரங்களாகக் கணித்தார். சனியின் இரு எல்லை வேகங்களும் 4:5 என்ற விகிதத்தில் அமைந்தன. நம் சங்கீத மாணவருக்கு இது புதிதன்று. ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியே இது. பூமிக்கு வந்த விகிதம் 15:16. அந்தர காந்தாரத்திலிருந்து சுத்த மத்திமத்துக்கு ஏறி இறங்கும் சிறு அசைவு. வெள்ளி ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்க, புதன் ஒரு ஸ்தாயியையும் கடந்து ஓடுகிறது. வெள்ளியின் பாதை வட்டத்தை ஒட்டியது, புதனின் பாதை மிக நீண்டது என்ற உண்மை இவ்வாறு செவிக்கே எட்டிவிடுகிறது.

இவ்விசை காதுக்குக் கேட்பதன்று, அறிவுக்கே கேட்பது என்று கெப்ளரே கருதினார். கோள்கள் சுரவிகிதங்களுக்கு இணங்கப் படைக்கப்பட்டவை என்ற அவரது நம்பிக்கை நிலைக்கவில்லை. ஆனால் சுற்றுக்காலத்தின் வர்க்கம் சராசரித் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதசமம் என்னும் விதி அதே நூலிலேதான் வெளிவந்தது. நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கைக்கு அது துணைநின்றது. எது வீழ்ந்தது, எது நின்றது, ஏன் என்று கூறாத உரையாளர் மாயாவாதத்துக்கே துணைபோவார். ‘அண்டத்தின் நாதம்’ என்று பரவசப்பட நம்மிடையேயும் ஆட்கள் குறைவில்லை.

1965 ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியையொட்டி எழுந்த கோள்மண்டலம் ஒன்று கொழும்பிலும் உண்டு. அதற்குக் கருவியைத் தந்ததும் அதே சைஸின் கிழக்கு ஜேர்மன் தொழிற்சாலையே. அங்கே இத்தகையதொரு மாலையை நடத்த லேசர் வேண்டியதில்லை. வீணை வாசிப்பவர் ஒருவரும் பெளதிக ஆசிரியர் ஒருவரும் போதும். குவிமாடத்தில் சனி ஊர்ந்துகொண்டிருக்கையில், தந்தியின் ஐந்தில் நான்கு பங்கை மீட்டிக் காட்டி, அவ்விகிதம் எங்கிருந்து வந்ததென்று ஆசிரியர் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கட்டும். வெளியூர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு முன்வரிசைகளை ஒதுக்கட்டும். உரை முடிந்தவுடன் மண்டபத்தைக் காலிசெய்யாமல், அவர்கள் கேள்வி கேட்க அரை மணி நேரமாவது விடட்டும்.