ஒரு சீட், நாற்பது பேர்

‘இந்தி மீடியம்’ படத்தை டி.வி.யில் எப்போது போட்டாலும் சேனல் மாற்றாமல் பார்க்கிறவர்கள் உண்டு. நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். தப்பில்லை. இர்ஃபான் கான் ஒருத்தருக்காகவே பார்க்கலாம். 2017ல் வெளிவந்து, சிறந்த படம், சிறந்த நடிகர் என்று ஃபிலிம்ஃபேர் விருதுகளை வாங்கிய படம். ஆனால், எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலைந்த அப்பா அம்மாக்கள் கொஞ்சம் நிதானமாகக் கைதட்டலாம் என்பது என் கட்சி.

கதை தெரியும்தானே? டெல்லி சாந்தினி சவுக்கில் துணிக்கடை வைத்திருக்கும் பணக்காரர். மகளைப் பெரிய இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்க வேண்டும். அதற்காக அப்பாவும் அம்மாவும் இன்டர்வியூவுக்கு டிரெய்னிங் எடுக்கிறார்கள். தேறவில்லை. உடனே, ஏழைகளுக்கான 25 சதவிகித ஒதுக்கீட்டில் நுழைய ஏழை வேஷம் போட்டு ஏழைகள் குடியிருப்புக்குப் போகிறார்கள். குலுக்கலில் இவர்கள் மகளுக்கு சீட் விழுகிறது. பக்கத்து வீட்டு நிஜ ஏழையின் மகனுக்கு விழவில்லை.

படத்தின் நல்ல இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘இலவச’ சீட் கிடைத்தும் ஸ்கூல் வேறு ஏதோ பணம் கேட்கிறது. பாவம், இவரிடம் பணம் ஏது என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடும் கார் முன்னால் போய் விழுகிறார். தீபக் டோப்ரியால் நடித்த அந்தக் காட்சி உலுக்கிவிடும். டியூஷன் ஃபீஸ் இல்லை என்பதும் செலவே இல்லை என்பதும் ஒன்றல்ல என்று அதில் புரிந்துவிடுகிறது.

சரி, கோளாறு எங்கே? கல்வி உரிமைச் சட்டத்தின் 12வது பிரிவுதான் கதைக்கே அஸ்திவாரம். இயக்குநர் சாகேத் சவுத்ரி அடுத்த பிரிவையும் எட்டிப் பார்த்திருக்கலாம். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டி எடுக்கக் கூடாது என்கிறது 13. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அப்புறம் தடவைக்கு 50,000 வரை. இந்தச் சட்டம் ஆறு வயதிலிருந்துதானே, நர்சரிக்கு ஏது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்தச் சண்டையாவது படத்தில் வர வேண்டாமா? பெற்றோரையே பரீட்சைக்கு உட்காரவைப்பது இங்கே காமெடி டிராக்!

கிளைமாக்ஸில் ஹீரோவுக்கு மனசாட்சி விழிக்கிறது. மேடையேறிப் பேசுகிறார். மகளை அரசுப் பள்ளியில் சேர்க்கிறார். சுபம்.

பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. 10 சீட்டுக்கு 50 விண்ணப்பம் என்று வையுங்கள். இடம் கிடைக்காதவர்கள் 40 பேர். ஏமாற்றியவர் ஒருத்தர் திருந்தினால் ஒரு பிள்ளைக்கு இடம் வரும். மீதி 39 பேர் எந்த ஹீரோவுக்காகக் காத்திருப்பது?

2025ல் நம் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். வழக்கமாகக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடும் இந்த 25 சதவிகித அட்மிஷன், மத்திய, மாநில அரசுகளின் பணத் தகராறில் அக்டோபருக்குப் போனது. காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது! இதில் யாருடைய மனசாட்சி விழித்து என்ன பிரயோஜனம்? கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

கேள்வி கேட்கச் சட்டமே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. 21வது பிரிவு. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதப்படி இடம். 2022 மார்ச்சில் தமிழக அரசுப் பள்ளிகளில் பெற்றோரையெல்லாம் கூட்டி இந்தக் குழுக்களுக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மட்டும் இந்தப் பிரிவு கிடையாது. வருஷா வருஷம் ஃபீஸ் கட்டுகிறவருக்கு அந்த நாற்காலி இல்லை! மூன்று பேர் படிக்கும் பள்ளியானாலும் மூவாயிரம் பேர் படிக்கும் பள்ளியானாலும் இதே கதைதான். இப்படி ஒரு முரண்பாட்டை விட்டுவிட்டு மேடைப் பேச்சில் படத்தை முடித்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த தடவை டி.வி.யில் போட்டால் தாராளமாகப் பாருங்கள். முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெரு அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது என்று விசாரியுங்கள். உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால், எங்களுக்கு ஏன் அப்படி ஒரு குழு இல்லை என்று நாலு பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போகிற பெற்றோரைச் சமாளிக்க எல்லா ஆபீஸ் ரூமுக்கும் தெரியும்.