பறையும் பாஸ் கிட்டாரும்

2021 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' மதுரைக்கு வந்தது. முந்தைய ஆண்டு சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய விழா அது. சபாக் கச்சேரிகளுக்கே உரிய மாதம் என்று இருந்த மார்கழியில் பறை, ஒப்பாரி, கானா, ராப் எல்லாம் ஒரே மேடை ஏறின. இன்று மதுரையை அடுத்த மேலூர் வட்டாரத்தில் ஒரு கல்லூரி விழாவில் பறைக்குப் பக்கத்தில் டிரம் பேடும் பாஸ் கிட்டாரும் இருந்தால் யாருக்கும் அது புதுமையாகத் தெரியாது. ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தோள் கொடுக்கும் இசை என்று இதற்கு ஒரு பெயரும் அமைந்துவிட்டது. அந்தப் பெயருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்க்கலாம்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பெரியது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 19 பேரோடு மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. பெயருக்கு அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து கடன். அதற்கு முன்பும் சினிமா பறையைப் பயன்படுத்தியது. சாவுக் காட்சிக்கு, குத்துப்பாட்டுக்கு என்று பின்னணியில் நான்கு அடி. அடித்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கே அடிப்பவர் நடுவில் நின்றார், சொந்தச் சொல்லைப் பாடினார். ஆண்கள் மட்டுமே பாடிய கானாவைக் குழுவின் இசைவாணி பாடியபோது கானாவுக்கும் அது புதிது. இட ஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாட்டுக்குள் வந்தன. கானாவும் ராப்பும் ஒட்டிப்போனதில் வியப்பில்லை. இரண்டும் பேச்சின் ஓட்டத்தில் நிற்பவை, இரண்டும் நகரத்து ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவை.

இதே வேலையை அரபு நாடுகளில் இன்னொரு குழு செய்தது. 2013-ல் ஜோர்டான் தலைநகர் அம்மானில் உருவான '47சோல்', பாலஸ்தீனக் கல்யாண வீடுகளில் தோள் கோத்து ஆடும் தப்கே ஆட்டத்தின் இசையை சின்தசைசரிலும் ராப்பிலும் கலந்து 'ஷாம்ஸ்டெப்' என்று பெயர் வைத்தது. லண்டன் விழாக்களிலும் அதற்குக் கூட்டம் கூடியது. அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கலப்பைத் தொடங்கியவர்கள் மேடைக் கலைஞர்கள் அல்ல. மிஜ்விஸ் என்ற இரட்டைக் குழலின் இடத்தில், அரபு இசையின் கால் சுரங்களை வாசிக்கத் தோதான கீபோர்டைக் கல்யாண வாத்தியக்காரர்கள் எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள். சிரியாவின் கல்யாணப் பாடகர் ஓமர் சுலைமான் இப்படிப் பாடியவை கேசட் கேசட்டாக வெளிவந்த பிறகுதான், 2007-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் அவரை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது. ஊரே மாற்றிக்கொண்ட இசையை இளைஞர்கள் எடுத்தாண்டதால் அதில் ஒட்டுவேலை தெரியவில்லை.

நம் பக்கம் ஒட்டு சில இடங்களில் தெரிகிறது. பறை என்பது வேப்பமரச் சட்டத்தில் ஒட்டிய மாட்டுத்தோல். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் தோல் இறுகி ஓசை கணீரென்று எழும். கொஞ்ச நேரத்தில் தொய்ந்துவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. அடி மெதுவாகத் தொடங்கி, ஆடுகிறவர் காலைப் பார்த்து ஏறும். இசைக்குழு மேடையில் காய்ச்சுவதும் இந்த வேக ஏற்றமும் தொல்லை. தீ மூட்ட வழியில்லாததால் ஃபைபர் தோல் வருகிறது. எல்லாரும் ஒரே வேகத்தில் வாசிக்கக் காதில் கிளிக் டிராக் ஓடுவதால் ஏற்றம் நின்றுபோகிறது. மிஞ்சுவது பறையின் உருவமும் அதன் அரசியல் அடையாளமும்தான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் குழு திறந்த வெளியில் அடிப்பதைக் கேட்டவர்களுக்கு எது காணாமல் போகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, ஊரார் அறிந்த 'பரட்டை', நாட்டுப்புற இசையைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும் கணக்கை எப்போதோ போட்டுப் பார்த்தவர். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ஞானப்பாட்டும் நிறைந்திருந்த தேவாலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டையே கொண்டுவந்தார். நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்து, சொல்லை மாற்றி, தனதாக்கிக்கொள்ளலாம். அதில்தான் விடுதலை இருக்கிறது என்பது அவர் வாதம். 2005-ல் மறைந்தார். இன்றைய கலப்பிசையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அளவில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்ன ஆனது? 2021 மார்ச்சில் வந்த பாட்டு. அதைப் பாடிய ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையும் ஒப்பாரியும் அதில் உண்டு. உலகம் முழுக்க ஓடியது. சில மாதங்களில் ஓர் இசை இதழின் அட்டையில் உடன் பாடிய பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை, பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாடப்பட்டது. பாட்டு யாருடையது என்ற சண்டை தெருவுக்கு வந்தது. 2024-ல் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்றார். நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டு, பாடியவர்கள் கையிலும் நிற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடலாம். ஒப்பாரிக்குச் சொந்தக்காரர் கிடையாது. பதிவு செய்த ஒலிக்கு உண்டு. அந்த இடைவெளியில் தோழமை நசுங்கிவிடுகிறது.

மேலூர் வட்டாரத்துக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சாவுக்கும் கொடைக்கும் பறையடிப்பது கலையாக அல்ல, சாதிக் கடமையாக இருந்த மண் இது. "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே போட்டது ஒரு தலைமுறையின் போராட்டம். அதையே மேடையில் பெருமையோடு எடுப்பது அடுத்த தலைமுறையின் போராட்டம். இரண்டாவதைக் கொண்டாடுகிறவர்கள் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். நகரத்து ரசிகர் கைதட்டும் அதே அடியை ஊரில் மறுக்க இன்னும் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இந்தக் கலப்பை நான் ஆதரிக்கிறேன். மேடையில் கூலியும் மரியாதையும் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு பையன் ஊரில் "வர முடியாது" என்று சொல்வான். ஆகவே நிகழ்ச்சி வைக்கும் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். ராப் பாடகர் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'பறையிசைக் குழு' என்று மொத்தமாக முடிக்காதீர்கள். அடிக்கிற ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் நோட்டீசில் போடுங்கள். சம்பளத்தை அவர்கள் மேடை ஏறுமுன்பே கொடுத்துவிடுங்கள்.