சாப்பிட்டே ஆக வேண்டிய சென்னை

சென்னைக்கு வருவோர் 'சாப்பிட்டே ஆக வேண்டியவை' என்று தரப்படும் பட்டியல்கள் அப்பாவிப் பிரதிகள் அல்ல. மயிலாப்பூர் இட்லியும் ஃபில்டர் காபியும் நகரத்தின் 'மரபு' ஆகிவிடுகின்றன. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ, 'வித்தியாசமான அனுபவம்' என்று ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்து மாட்டுக்கறிக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் செய்தது. பிறகு அந்தச் சொல் அழிந்தது. 'சுத்த சைவம்' என்ற சொல் இன்னும் பலகைகளில் நிற்கிறது. அப்படியானால் எது அசுத்தம்? 2022 ஆகஸ்டில் தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவில்கூட மாட்டுக்கறி பிரியாணி முதலில் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் கடை வந்தது.

"ருசிதானேய்யா, இதுல எங்க சாதி வந்துச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். ருசி நாக்கில் மட்டும் உருவாவதில்லை. யார் அடுப்பில் யார் கை நனைக்கலாம் என்கிற விதியும் சேர்ந்துதான் அதைக் கட்டமைக்கிறது.

பட்டியல் போடுபவர்களைத் திட்டுவது சுலபம். வெளியூர்த் தோழர் வந்தால், கூட்டம் முடிந்ததும் அவரை நாம் எந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்?