முதல் பெண்ணுக்கு முன்னும் பின்னும்

சிறுவர் நூல் அரங்குகளில் இன்று கண்ணில் அதிகம் படுபவை சாதனைப் பெண்களைப் பற்றிய வரலாற்று நூல்கள். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் பொறியாளர், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பக்கம். ஒரு பக்கம் முழுக்க வண்ணப் படம். எதிர்ப்பக்கத்தில் பிறந்த ஊர், பட்ட பாடு, பெற்ற பட்டம், கடைசியில் ஓர் அறிவுரை. இத்தாலியப் பெண்களான எலெனா ஃபாவில்லியும் ஃபிரான்செஸ்கா கவால்லோவும் நூறு பெண்களைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட 'குட் நைட் ஸ்டோரீஸ் ஃபார் ரெபல் கேர்ள்ஸ்' உலகெங்கும் விற்பனையான பிறகு இந்த அமைப்பு இன்னும் உறுதிப்பட்டுவிட்டது. இந்தியப் பெண்களை வைத்து அபர்ணா ஜெயின் 2018இல் 'லைக் எ கேர்ள்' கொண்டுவந்தார். தமிழிலும் சிறு நூல்களாகவும் சிறுவர் இதழ்ப் பக்கங்களாகவும் இவ்வகை எழுத்து வந்துகொண்டிருக்கிறது.

இவற்றை ஓர் இடத்தில் நின்று எடைபோட விரும்புகிறேன். வடசென்னையின் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் கையில் இப்படி ஒரு நூல் கிடைத்தால் அது அவளுக்கு என்ன தருகிறது, எதைத் தராமல் விடுகிறது? என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். இவை வேண்டிய நூல்கள். பெருமிதத்தைக் குறைவில்லாமல் தருகின்றன. ஆனால் வரலாற்றைத் தருவதில் பெரும்பாலானவை பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும். தமிழில் சிறுவர்களுக்குப் பெரியோர் வரலாறு சொல்லும் மரபு நெடியது. அழ. வள்ளியப்பாவின் 'சின்னஞ்சிறு வயதில்' போன்ற நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அந்த மரபில் பெரியோர் என்றால் பெரும்பாலும் ஆண்கள்தான். காந்தி, நேரு, பாரதி, வ.உ.சி. என்று நீளும் வரிசையில் ஜான்சி ராணியும் வேலு நாச்சியாரும் வாள் ஏந்தி வந்து போவார்கள். ஆய்வுக்கூடத்திலும் அறுவை அறையிலும் சட்டமன்றத்திலும் பெண் நின்ற காட்சி பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. புதிய நூல்கள் அந்தக் குறையைத் தீர்க்க முயல்கின்றன. நிவேதிதா லூயிஸின் 'முதல் பெண்கள்' போன்ற பெரியவர்களுக்கான நூல்கள் பழைய ஆவணங்களைத் தேடிப் பல பெயர்களை மீட்டதால் சிறுவர் எழுத்தாளர்களின் வேலையும் எளிதாகியிருக்கிறது.

அளவும் ஒரு நிறைதான். வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு இருநூறு பக்க வாழ்க்கை வரலாறு மலைப்பைத் தரும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்ததும் இதை உணர்ந்துதான். ஒரே மூச்சில் படித்து முடித்த நூல் அடுத்த நூலைக் கேட்க வைக்கும். அதோடு, வடசென்னை என்றாலே திரையில் அரிவாளும் அடிதடியும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு வேறு முகங்களைக் காட்டும் எந்த நூலையும் நான் வரவேற்பேன்.

இனி குறைகள். முதற்குறை, 'முதல்' என்ற பட்டத்தின் மீது இந்நூல்கள் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று அவரைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் புதுக்கோட்டையில் பிறந்தது 1886 ஜூலை 30. அதே ஆண்டு மார்ச்சில் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். கல்கத்தாவில் காதம்பினி கங்கூலி மருத்துவரானதும் அதே ஆண்டுதான். சென்னை மருத்துவக் கல்லூரியும் 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி அங்கே படித்து முடித்தது 1912இல். இந்த உண்மைகளால் அவர் பெருமை அணுவளவும் குறையாது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பைத் தாண்டி வந்தவர் அவர். அந்த எதிர்ப்பை விளக்குவது வரலாறு. தவறான பட்டத்தைச் சூட்டுவது விளம்பரம். நாளைக்கு அந்தச் சிறுமி வேறொரு நூலில் ஆனந்திபாயைப் படித்தால், எந்த நூலை நம்புவாள்?

இரண்டாவது குறை, சாதனையாளரைத் தனியாளாக நிறுத்துவது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளராகச் சொல்லப்படும் அ. லலிதா கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் படித்து முடித்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர், கையில் குழந்தை. அப்படிப்பட்டவர் மின் பொறியியல் படித்தார் என்பது எந்தப் பிள்ளையையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனால் அதே கல்லூரியில் அவரோடு லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் படித்து முடித்தார்கள். திரேசியா பின்னாளில் கேரள அரசின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். லலிதாவின் தந்தை அந்தக் கல்லூரியில் பேராசிரியர். அவர் மகளுக்காகப் பேசினார், கல்லூரி முதல்வர் இணங்கினார். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு 'துணிந்தாள், வென்றாள்' என்று முடித்தால், பேராசிரியர் தந்தை இல்லாத காசிமேட்டுச் சிறுமி என்ன நினைப்பாள்? தன்னால் முடியாமல் போனால் அது தன் துணிச்சல் குறைவு என்றுதான் நினைப்பாள். வாய்ப்பு எப்படிக் கிடைக்கிறது, யார் கைகொடுக்கிறார்கள் என்பதைச் சொல்லாத நூல், ஊக்கம் தருவதாக எண்ணிக்கொண்டு பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது.

முத்துலட்சுமியின் அரசியல் வாழ்க்கையைச் சொல்வதிலும் இதே குறைதான். அவர் 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அங்கே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பே, 1921இல், சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்திருந்தது. 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் நின்று தோற்றார். தோற்றவரின் கதை 'முதல்' பெண்களின் பட்டியலில் இடம்பெறாது. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று தெரிந்துகொள்ள அந்தத் தோல்வியும் தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது குறை, கருத்து மோதலைக் கண்டு ஒதுங்குவது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி போராடினார், 1947இல் சட்டம் வந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தக் குலத்தில் பிறந்தவர் என்பதையே பல நூல்கள் விட்டுவிடுகின்றன. அதே குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னவாகும் என்று கேட்டு அந்த முயற்சியை எதிர்த்தார். அக்குலத்தில் வளர்ந்து அதிலிருந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அம்முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலும் எழுதினார். மூவரும் வரலாற்றில் நிற்பவர்கள். மூவரும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்பார்கள். வீட்டுக்குள் அம்மாவும் அத்தையும் ஒரே விஷயத்தில் எதிரெதிராகப் பேசுவதைத் தினமும் கேட்கும் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மோதலுக்கான சான்று திருவொற்றியூர்ப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தியாகராசர் கோயில் கல்வெட்டுகள் தேவரடியார், பதியிலார், இஷபத்தளியிலார் என்று கோயில் பெண்களின் பிரிவுகளைக் குறிக்கின்றன. எந்தப் பணி யாருக்கு உரியது என்று 14ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே வழக்கு எழுந்து தீர்த்துவைக்கப்பட்ட செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. தங்கள் உரிமைக்காக வழக்காடிய பெண்களை அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல்லிலேயே காட்டலாம். வரலாறு எங்கிருந்து கிடைக்கிறது என்ற பாடமும் அதிலேயே அடங்கும். நம் சிறுவர் நூல்களில் மிக அரிதாகக் கிடைப்பது இந்தப் பாடம்தான். யாரும் பதிவு செய்யாத உரையாடலை எழுத்தாளர் தானே இட்டுக்கட்டி 'அம்மா, நான் டாக்டராவேன்!' என்று எழுதிவிடுகிறார். அது கற்பனை என்று பிள்ளைக்கு எந்தக் குறிப்பும் இல்லை. கடிதம், கல்வெட்டு, பழைய புகைப்படம், நாளிதழ்ச் செய்தி எதையும் காட்டுவதும் இல்லை.

நான்காவது குறை எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. கூட்டமாக நின்று போராடிய பெண்களுக்கு இந்த நூல்களில் இடமில்லை. 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த மாநாடுதான். மறுநாளே பெத்துநாயக்கன்பேட்டை இந்து தியாசாபிகல் பள்ளி முன்னால் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து பெண்கள் கைதானார்கள். டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள். சீதம்மாள் தன் குழந்தைகளோடு சிறை போனார். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட பெண்கள் 73 பேர், அவர்களோடு போன குழந்தைகள் 32 பேர் என்று கணக்குச் சொல்கிறது வரலாறு.

ஒரு சிறுவர் நூலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எங்கே கிடைக்கும்? தன் தம்பி தங்கை வயதில் இருந்த பிள்ளைகள் அம்மாவோடு ஏன் சிறைக்குப் போனார்கள் என்ற கேள்வியோடு எந்தச் சிறுமியும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். அந்த இடங்களும் அவளுக்கு அந்நியமில்லை. தருமாம்பாளின் நினைவிடம் மூலக்கொத்தளத்தில், மொழிப்போரில் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து நினைவிடத்தின் அருகே இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எட்டிவிடும் தொலைவுதான். தருமாம்பாள் சித்த மருத்துவர். தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று 'இழவு வாரம்' நடத்தியவர். எதிலும் அவர் 'முதல்' இல்லை. அதனாலேயே பட்டியல் நூல்களில் அவரைக் காணோம்.

முத்துலட்சுமி, இராமாமிர்தம் அம்மையார் போன்ற பெயர்கள் வடசென்னை வீடுகளுக்குப் புதியவையும் இல்லை. ஆனால் அவை வேறு வழியாக வருகின்றன. கருவுற்ற அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன அண்டை வீட்டுப் பெண் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குவது 'புதுமைப் பெண்' என்கிற, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டத்தில். விண்ணப்பப் படிவத்தில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று சொல்லும் எளிய நூல் வீட்டில் இல்லை.

ஊரின் வரலாற்றிலும் இதே நிலைதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நிலையத்தைச் சுற்றி மீன் கூடை சுமந்து குடும்பம் காத்த பெண்களை எந்த நூலிலும் படித்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் பெண்கள் பல நாள் வீதியில் உட்கார்ந்து போராடினார்கள். அதுவும் வரலாறுதான். அப்போது அம்மாவின் மடியில் இருந்த பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் படிக்கத் தொடங்கிவிடும்.

தனிமனிதச் சாதனையை எழுதவே கூடாது என்பது என் வாதம் இல்லை. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அதற்கு முன்பே, 2008இல், வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனார். இருவரையும் ஒரே நூலில் எழுதி, இந்தப் பகுதியின் தெருக்களும் மன்றங்களும் கேரம் பலகையும் எப்படி ஒரு சாம்பியனுக்குப் பின் இன்னொரு சாம்பியனை உருவாக்கின என்று சொன்னால், தனிமனிதக் கதையே ஊர்க்கதையாகிவிடும்.

முடிவாக, ஒரு நல்ல நூலுக்கு நான் கேட்பது நான்கு. பட்டத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். கூட நின்றவரையும் எதிர்த்தவரையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எது ஆவணம், எது கற்பனை என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து தொடங்குங்கள். நூறு பெண்களை நூறு பக்கத்தில் அடைப்பதைவிட, 1938 நவம்பரின் அந்த இரண்டு நாளை முப்பது பக்கத்தில் எழுதுவது பெரிய வேலை. பதிப்பாளர்கள் அதைக் கையிலெடுக்க வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வரலாற்று வகுப்பை ஒரு நாள் மூலக்கொத்தளத்தில் நடத்துங்கள். தருமாம்பாள் யார் என்று பிள்ளைகளே எழுதட்டும்.